கொடி பிடிக்க ஓர் ஆள்

“‘இந்த ரெண்டடியைக்கூடத் தட்ட முடியலீன்னா, எதுக்குடி மட்டையைத் தூக்கிட்டு வந்தே?’”

“என்கிட்ட எதுக்குக் கத்துத? யாரு கேட்டது?”

“எங்க வீட்டுக்காரருங்க.”

“எப்பம்?”

“நேத்துச் சாயங்காலம். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே மூச்சை இழுத்தேன், விட்டேன், மட்டையைப் பின்னால கொண்டு போனேன். சரியா அந்த நேரம் பார்த்துப் பின்னாடி நின்னு கேக்கறாரு. பந்து குழிக்கு வலப்பக்கமா ஓடியே போச்சு.”

“சென்னியப்பன் செத்து வருசம் ஆகப் போவுதே.”

“அதைத்தானுங்க மிஸ் நானும் சொல்றேன்! நீங்க என்னடான்னா மூச்சு, தோள்பட்டைன்னு பாடம் நடத்திட்டிருக்கீங்க.”

டார்கஸ் மிஸ் பட்டாணி உரிப்பதை நிறுத்தவில்லை. பட்டாணி விழுந்துகொண்டிருந்த வெள்ளிக் கிண்ணம், அவர் ஒரு காலத்தில் கோல்ஃபில் ஜெயித்து வந்த கோப்பை. இன்னொரு கோப்பையில் கல் உப்பு இருந்தது.

அந்த மலையூரில் எல்லாருக்கும் அவர் மிஸ். கான்வென்டில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கோல்ஃப் மைதானத்து வேலியை ஒட்டித் தகரக் கூரை போட்ட வீடு. பாடம் கேட்டு வருகிறவர்களை அவர் உள்ளே கூப்பிடுவதும் இல்லை, போகச் சொல்வதும் இல்லை.

வந்து கத்திக்கொண்டிருந்தவள் வசந்தாமணி. கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரி, ஐம்பதைத் தாண்டியவள். தூரப் பந்தை அவள் அடித்தால் ஆண்களே வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். அது போய் விழ வேண்டிய இடத்தில்தான் விழும். குழியைச் சுற்றிக் கம்பளம் மாதிரி புல்லை வெட்டி வைத்திருக்கும் இடத்துக்குக் கிரீன் என்று பெயர். அங்கே பந்தை மெதுவாகக் குழிக்குள் தட்டிவிட வேண்டும்.

குழந்தைகூடத் தட்டிவிடும்.

வசந்தாமணியால் முடியவில்லை.

“கயிறு மந்திரிச்சுக் கட்டினேன். காதுல பஞ்சு வெச்சேன்.”

“அப்புறம்?”

“பஞ்சுக்கு உள்ள இருந்து கேட்டுச்சுங்க.”

மிஸ் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார்.

“பையன் ஒரு வீடியோ அனுப்பினான். அதுல ஒரு வெள்ளைக்காரர் கண்ணை மூடிட்டுத் தட்டுங்கன்னாரு. மூடினேன். இன்னும் கிட்டத்துல வந்துட்டாரு. காதுக்குப் பின்னால மூச்சே பட்டுச்சு.”

“அதுக்கு இப்ப என்ன அவசரம்? இத்தன நாளு விட்ட பந்துதான.”

வசந்தாமணி வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

அவசரம் இருந்தது. வாயால் வந்த அவசரம். மகன் நவநீதன் போனில், “அங்க உனக்கு என்னம்மா இருக்கு, அந்த மட்டையைத் தவிர?” என்று கேட்டிருந்தான். இவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கிளப் கோப்பைக்கு ஃபைனல். ஜெயித்தால் இங்கேயேதான் இருப்பேன், தோற்றால் வீட்டைப் பூட்டிச் சாவியை உன் கையில் கொடுத்துவிட்டுக் கூடவே கிளம்பிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அவன் சரி என்று சொல்லிவிட்டான். கோயமுத்தூரில் அவளுக்கென்று ஓர் அறையை ஒழித்து ஏசியும் மாட்டிவிட்டான்.

“எனக்கு ஏசி ஆகாதுங்க மிஸ்.”

மிஸ் கடைசிப் பட்டாணியை உரித்து முடித்தார்.

“காலையில வா. பனி காயுததுக்கு முன்னால.”

*

காலையில் மைதானமே இல்லை. வேலி இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது.

“மிஸ்?”

“இங்கதான் இருக்கேன். குரலைப் பிடிச்சுக்கிட்டு வா.”

வசந்தாமணி நடந்தாள். அவள் காலடி பட்ட இடமெல்லாம் பனித்துளி கலைந்து புல் கறுத்தது. கிரீனின் நடுவில் மிஸ் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றார். காலடியில் ஒரு பந்து. சற்றுத் தள்ளிக் குழி.

“தட்டு.”

“இந்த இருட்டுலயா?”

“விடிஞ்சாச்சு. தட்டு.”

வசந்தாமணி குனிந்தாள். மட்டையைப் பின்னால் கொண்டு போனாள்.

தோள் குலுங்கியது.

பந்து பனியில் ஒரு கறுப்புக் கோடு போட்டுக்கொண்டே போய்க் குழியைத் தாண்டி நின்றது.

“கேட்டீங்களா?”

“இல்லை.”

“அந்தக் கேள்வியேதாங்க. அட்சரம் மாறாம. முன்னாடி ஒரு செருமல் வேற.”

மிஸ் அவளைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். குனிந்தார். முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றார்.

“இங்க வா. அதை மிதிச்சிராத.”

வசந்தாமணி திரும்பிப் பார்த்தாள்.

அவள் வந்த தடம் வேலியிலிருந்து நீளமாக இருந்தது. மிஸ் வந்த தடம் இன்னொரு பக்கம். இரண்டிலும் சேராமல், அவள் நின்ற இடத்துக்கு நேர் பின்னால், ஒரு ஜோடிப் பாதம் மட்டும் புல்லில் அழுந்திக் கறுத்திருந்தது. பெரிய பாதம். இடது கால் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது.

அதற்கு வந்த தடம் இல்லை. போன தடமும் இல்லை.

“ஸ்கூட்டர்ல விழுந்ததுல இருந்து அவருக்கு இடது கால் அப்படித்தாங்க” என்றாள் வசந்தாமணி.

பிறகு, “ஈரத்துல நிக்கிறாரே” என்றாள்.

“உசுரோட இருக்கும்போதும் இங்கதான் நிப்பாரா?”

“எப்பவும். தட்டுறவங்க பின்னாடி நிக்கக் கூடாதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. கேக்க மாட்டாரு. விட்டா இந்தக் கேள்வி. தப்பித் தவறி உள்ள போயிட்டா, ‘குருட்டு அதிர்ஷ்டம்’னு ஒரு வார்த்தை. ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை.”

மிஸ் நிமிர்ந்தார்.

“போகச் சொல்லவா?”

“யாரை?”

“இவரைத்தான். நான் சொன்னாப் போயிருவாரு. எத்தனையோ பேரை வெளிய அனுப்புன வாய் இது.”

மூடுபனி இருவருக்கும் நடுவில் வந்தது. கொஞ்ச நேரம் மிஸ்ஸின் முகம் தெரியவில்லை. ஸ்வெட்டர் மட்டும் தெரிந்தது.

“சொல்லு வசந்தா. எனக்கு அடுப்புல வேலை இருக்கு.”

“வேண்டாங்க.”

“கயிறெல்லாம் கட்டுனியே.”

“கட்டினேன். வேண்டாங்க.” அவள் அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வீட்டுல ஒரு சத்தம் இல்லீங்க மிஸ். அவரு நாற்காலி, அவரு ரேடியோ, எல்லாம் அப்படியே கெடக்குது. ஒரு சத்தம் இல்லை. இங்க வந்து நின்னாத்தான் பேசறாரு. வைஞ்சாலும் அவரு குரலுதானே?”

“அப்பப் பந்து?”

“பந்தும் உள்ள போகோணும். அவரும் இருக்கோணும்.”

“நல்லா இருக்கு, நீ கேக்கது.”

“அதுக்குத்தானே உங்ககிட்ட வந்தேன். இல்லாட்டிக் கோயில் பூசாரி போதாதா?”

மிஸ் சிரித்த மாதிரி இருந்தது. பனியில் சரியாகத் தெரியவில்லை.

“அவருகிட்ட என்னைக்காவது ஒரு வேலை சொல்லியிருக்கியா?”

“அவருகிட்டயா?”

“ஒரு தம்ளர் தண்ணி?”

“ஐயோ. எங்க வீட்டுல அந்தப் பழக்கம் இல்லீங்க.”

“பையைக் கொஞ்சம் பிடிங்க, கதவைச் சாத்துங்க, ஒண்ணும்?”

“இத்தனை வருஷத்துல ஒரு நாளும் சொன்னதில்லை.” அதை அவள் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

மிஸ் பந்தை எடுத்து ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“ஸ்கூல்ல காலை அசெம்ப்ளி நடக்கும். பின்வரிசையில ஒருத்தி வாயை மூடாமப் பேசிக்கிட்டே இருப்பா. சிஸ்டர்மார் அடிப்பாங்க, முட்டி போடச் சொல்லுவாங்க. அடங்க மாட்டா.”

“நீங்க?”

“நான் அவளை முன்னால கூப்பிட்டு ஹவுஸ் கொடியைக் கையில குடுத்துருவேன்.”

“அப்புறம்?”

“கொடி பிடிச்சவ பேச மாட்டா.”

வசந்தாமணி காத்திருந்தாள். வேறெதுவும் வரவில்லை. மிஸ் வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

“இவ்வளவுதானா? குளிருல எழுப்பிக் கூட்டிட்டு வந்து ஸ்கூல் கதையா சொல்றீங்க?”

“ஆமா.”

“அந்தப் புள்ளைங்க எல்லாம் அப்புறம் எப்பவும் போலப் பேசுனாங்களா?”

வெள்ளைக்குள்ளிருந்து பதில் வந்தது.

“ஒருத்தியைத் தவிர.”

வேலிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

*

வசந்தாமணி வீட்டுக்குப் போனதும் கணவன் படத்துக்கு முன்னால் நின்றாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

“ஞாயித்துக்கெழமை ஒரு நாள் மட்டும் பேசாம இருங்க. உங்க வீடு போயிரும்.”

படம் எப்போதும் போல முறைத்தது.

சாயங்காலம் மைதானத்துக்குப் போனாள். மட்டையைப் பின்னால் கொண்டு போனாள். செருமல் வந்தது. கேள்வி வந்தது. பந்து ஓடிப் போனது.

அதற்கு மேல் அவள் பயிற்சிக்குப் போகவில்லை. வீட்டுப் பாத்திரங்களை எல்லாம் இறக்கிப் பழைய செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமையும் மூடுபனி. விலகுவதும் வருவதுமாக இருந்தது. காற்று வேறு.

நவநீதன் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு முன்வரிசையில் நின்றான். அவன் காரின் பின்சீட்டில் ஒரு காலிப் பெட்டி. கிளப் ஆட்கள் கையில் காப்பியுடன் நின்றார்கள். டார்கஸ் மிஸ் ஒரு பொட்டலம் வேர்க்கடலையோடு வந்திருந்தார்.

எதிராளி பெங்களூரிலிருந்து வந்து குடியேறிய ரோஷ்ணி. வயதில் சின்னவள், மரியாதை தெரிந்தவள். பந்து குழிக்கு மிக அருகில் நின்றுவிட்டால், தட்ட வேண்டாம், உள்ளே போனதாகவே வைத்துக்கொள்ளலாம் என்று எதிராளி பெருந்தன்மையாகச் சொல்லிவிடலாம். இந்த ஆட்டத்தில் அப்படி ஒரு சலுகை உண்டு.

“எடுத்துக்கோங்க ஆன்ட்டி” என்று ரோஷ்ணி சொல்லிக்கொண்டே வந்தாள்.

வசந்தாமணியும் எடுத்துக்கொண்டே வந்தாள். தூரப் பந்துகளை இடி மாதிரி அடித்தாள். கடைசிக் கிரீனுக்கு வரும்போது இருவரும் சமம்.

ரோஷ்ணி ஆடி முடித்தாள். குழியில் நட்டிருந்த கொடியைப் பிடுங்கிப் புல்லில் ஓரமாகக் கிடத்தினாள்.

வசந்தாமணியின் பந்து குழிக்கு இரண்டடியில் நின்றது. உள்ளே போனால் கோப்பை. விட்டால் இன்னொரு குழி ஆட வேண்டும். ஒரு தடவை விட்ட பிறகு ஆடிய எந்த ஆட்டத்திலும் அவள் ஜெயித்ததில்லை. அது அவளுக்கும் தெரியும், ரோஷ்ணிக்கும் தெரியும்.

வசந்தாமணி ரோஷ்ணியைப் பார்த்தாள்.

ரோஷ்ணி தன் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரி.

வசந்தாமணி பந்துக்கு மேல் குனிந்தாள். பேச்சு நின்றது. யாரோ காப்பியை உறிஞ்சும் சத்தம் கேட்டது, அதுவும் நின்றது.

பின்னால், மிக அருகில், ஈரப் புல் நெரிந்தது.

மட்டையைப் பின்னால் கொண்டு போனாள்.

செருமல்.

“இந்த ரெண்டடியை—”

அவள் மட்டையைக் கீழே இறக்கிவிட்டாள். நிமிர்ந்தாள். புல்லில் கிடந்த கொடியைப் பார்த்தாள்.

பிறகு ஓரமாகப் போய்க் கொடியை எடுத்து வந்து, தானே குழியில் நட்டாள்.

“ஆன்ட்டி, இவ்வளவு பக்கத்துல இருக்கே, கொடி எதுக்கு?”

“உனக்கு வேண்டாம். எனக்கு வேணும்.”

காற்றில் கொடித்துணி படபடத்தது. கம்பு குழிக்குள் கடகடவென்று ஆடியது.

வசந்தாமணி பந்துக்குத் திரும்பி வந்தாள். குனியவில்லை. தனக்குப் பின்னால் இருந்த வெறும் இடத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள். வாயைத் திறந்தாள். மூடினாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதரிடம் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. அதுவும் ஊர் பார்க்க.

“ஏனுங்க.”

முன்வரிசையில் நவநீதன் நிமிர்ந்தான்.

“சும்மாதானே நிக்கறீங்க? அந்தக் கொடியைக் கொஞ்சம் புடிங்க.”

ஒருவரும் அசையவில்லை. “அம்மா” என்று முனகிக்கொண்டு நவநீதன் ஓர் அடி எடுத்து வைத்தான். டார்கஸ் மிஸ் கடலைப் பொட்டலத்தோடு கையைக் குறுக்கே நீட்டினார்.

“நில்லு.”

வசந்தாமணி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு எதிரே ஓர் இடத்தில் புல் கறுத்தது. அப்புறம் பக்கத்தில் ஒன்று. அதற்கடுத்து, இடது காலை வெளிப்பக்கம் வைத்து, இன்னொன்று. பந்துக்கும் குழிக்கும் நடுவில் உள்ள வழியை மிதிக்காமல், நன்றாக ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு, தடம் கொடியை நோக்கிப் போனது.

கொடி பக்கத்தில் போய் இரண்டு பாதமும் சேர்ந்து நின்றன.

கம்பு ஆடுவது நின்றது.

காற்று நிற்கவில்லை. ரோஷ்ணியின் தலைமுடி முகத்தில் வந்து அடித்துக்கொண்டுதான் இருந்தது. நவநீதனின் மஃப்ளர் பறந்தது. கொடித்துணி மட்டும் ஒருவர் கையில் சுருட்டிப் பிடித்த மாதிரி அடங்கி இருந்தது.

வசந்தாமணி குனிந்தாள்.

மட்டையைப் பின்னால் கொண்டு போனாள்.

அந்த இடம் வந்தது. எப்போதும் வருகிற அந்த இடம்.

ஒன்றும் இல்லை. புல்லில் ஈரம் சொட்டுகிற சத்தம்கூட இல்லை.

தட்டினாள்.

பந்து இரண்டடியும் உருண்டு கம்பில் லேசாக இடித்து உள்ளே விழுந்தது.

கைதட்டல் எழுந்தது. ரோஷ்ணி வந்து கட்டிப்பிடித்தாள். நவநீதன் மஃப்ளரால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இரும்மா, இங்கயே இரு” என்றான். கிளப் செயலாளர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

வசந்தாமணி யாரையும் பார்க்கவில்லை. கொடியின் முன்னால் போய் நின்றாள்.

பந்தை எடுக்கவில்லை. காத்திருந்தாள்.

குருட்டு அதிர்ஷ்டம். அந்த ஒரு வார்த்தை இன்னும் வரவில்லை.

மூடுபனி இறங்கியது. பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக வெள்ளைக்குள் போனார்கள். டார்கஸ் மிஸ் கடலைத் தோலை ஊதிவிட்டுக்கொண்டு வேலிப் பக்கம் நடப்பது தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை.

“மிஸ்! கொடியை எப்படித் திருப்பி வாங்கறது?”

வேலிக் கதவு சாத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

வசந்தாமணி கம்பைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. அந்தப் பக்கம் யாரோ விடாமல், ஒழுங்காக, சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள்.

“போதுங்க. ஆட்டம் முடிஞ்சுது. விட்டுருங்க.”

காற்று சுற்றிலும் அடித்தது. கொடி அசையவில்லை.

அவள் கம்புக்கு அருகில் முகத்தைக் கொண்டு போனாள். குரலை இறக்கிக்கொண்டாள்.

“ஏனுங்க. வைஞ்சாலும் பரவாயில்லீங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க.”